பதினோரு அடி நான்கு அங்குலம்

அந்த வரியை நான் எழுதும்போது கொளஞ்சிநாதன் என் பக்கத்தில் நின்றாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சூளையறைக் கதவில் சாய்ந்து, ஈரத்துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டு, "அளவ சரியா போடுங்க சார், பதினொன்னு நாலு" என்று அவர் சொன்னது காதில் இருக்கிறது. ஆனால் அது நாங்கள் பாம்பை அளந்த வேறொரு ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம். ஏனென்றால் மனு எழுதிய அன்று சூளையில் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது. நெருப்பு ஏறும் நாளில் அவர் பர்னரை விட்டு நகரமாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் சீறி எரியும் ஓசையையும் நான் அதே நினைவில்தான் கேட்கிறேன். இரண்டும் ஒன்றாக நடந்திருக்க முடியாது.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் என்று நினைக்கிறேன். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் கொலு பொம்மைகள் செய்யும் யூனிட் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிளார்க். கொளஞ்சிநாதன் அங்கே சூளை போடுகிறவர். எங்கள் நான்கு பேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊர்வன வளர்ப்பது. நான் மூன்று நட்சத்திர ஆமைகள் வைத்திருந்தேன். பொம்மைகளுக்குக் கண் எழுதும் அமிர்தம், உடைந்த மெருகுத் தொட்டி ஒன்றில் குளத்து ஆமைகள் இரண்டை விட்டிருந்தாள். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த தங்கதுரையிடம் ஒரு மண்ணுளிப் பாம்பு. கொளஞ்சிநாதனிடம் இருந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் பெருமை. கடலூர் துறைமுகத்தில் கப்பல் சமையல்காரன் ஒருவனிடமிருந்து முழ நீளத்தில் வாங்கிவந்த மலேயா மலைப்பாம்பு. அது குளிர் தாங்காது. ஆனால் சூளையின் வெப்பத்தைக் குழாய் வழியாகத் திருப்பி, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைக் காய வைக்கும் அறை எங்களிடம் இருந்தது. மார்கழியிலும் அங்கே சட்டையைக் கழற்ற வேண்டும். அந்த அறையில், தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சுகளை அடுக்கியிருந்த மூலைக்குப் பின்னால், கம்பிவலை அடித்த மரப்பெட்டியில் அது ஏழு வருஷம் வளர்ந்தது. வேலைசெய்கிற ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

ஏன் வளர்த்தோம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. அமிர்தம் ஒருமுறை சொன்னாள். "நாள் பூரா பொம்மைக்குக் கண்ணு எழுதறன். எழுதி முடிச்சதும் அது என்னத்தான் பாக்குது. ஆமை பாக்கறதில்ல சார். நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாங்காட்டியும் ஒண்ணு. அதான் புடிச்சிருக்குது." நான் அதிகம் பேசாதவன். புத்தகம் படிப்பேன், இல்லையென்றால் ஆமைகளின் எதிரில் உட்கார்ந்திருப்பேன். ஒரு கீரைத்தண்டைத் தின்ன அவை எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சூளை போடுகிறவர்கள் மணிக்கொருமுறை வெப்பத்தைப் பதிவேட்டில் குறிப்பார்கள். குறிக்காவிட்டால் ஒரு சூளைச் சரக்கு முழுவதும் பாழாகிவிடும் என்று பயம். அதே மாதிரியில் எங்கள் உயிர்களுக்கும் கொளஞ்சிநாதன் ஒரு நோட்டு போட்டார். தேதி, வெப்பம், எடை, தீனி, சட்டை உரித்த நாள். களிமண் நிறுக்கும் தராசில் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

வனவிலங்குச் சட்டத்தை இறுக்குகிறார்கள், வீட்டில் இந்த மாதிரி உயிர்களை வைத்திருப்பவர்கள்மீது வழக்கு வரும் என்று தங்கதுரைதான் பேப்பரைக் கொண்டுவந்தான். பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டும் கொட்டகையில் உட்கார்ந்தோம். கொளஞ்சிநாதன் மட்டும் சூளைக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஆட்ட வெட்டி தொங்கவுட்டா கேள்வி இல்ல. ஆமைக்கு கீரை போட்டா ஜெயிலா?" என்றான் தங்கதுரை.

"ஒன்ன புடிச்சிக்கினு போவட்டும் தம்பி. ரயிலாவது நேரத்துக்கு வரும்" என்றாள் அமிர்தம்.

நான்தான் மனு எழுதலாம் என்றேன். சட்டம் வேட்டையாடுகிறவனையும் வளர்க்கிறவனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது, இது நியாயமில்லை, ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுங்கள், மலேயாவில் பிறந்த பாம்பை நம் காட்டில் விட்டால் செத்துவிடும் என்றெல்லாம் எழுதலாம் என்றேன். அன்றைக்கு நான் வழக்கத்தைவிட அதிகம் பேசினேன். சங்கம் என்று ஒரு பெயர் வைத்து என்னைச் செயலாளர் என்று போட்டுக்கொண்டேன்.

"மனு சரி சார். பேரு எதுக்கு?" என்றாள் அமிர்தம்.

"ஒளிச்சா திருட்டுன்னு ஆயிடும். எவ்வளவு ஒழுங்கா வளக்கறோம்னு அவங்க பாக்கணும்" என்றேன். நோட்டிலிருந்து பட்டியல் ஒன்றை நகலெடுத்து மனுவோடு சேர்ப்பது என்றும் நானே முடிவுசெய்தேன்.

மனு எழுதிய அன்று கொளஞ்சிநாதன் காலையிலேயே வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "நெருப்பு ஏறுது சார். நீங்க எழுதிக்குங்க" என்றார். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இதற்குப் பிறகுதான் தெரியவில்லை. ஆமைகளை எழுதி, மண்ணுளியை எழுதி, நான்காவது வரிக்கு வந்தபோது பேனாவை எடுத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். எழுந்துபோய் அவரைக் கேட்டிருக்கலாம். இருபது அடி தூரம். பிறகு எழுதினேன். மலேயா மலைப்பாம்பு, பெண், நீளம் பதினோரு அடி நான்கு அங்குலம், எடை பதினாறு கிலோ, இருப்பிடம் பேட்டையில் இன்ன யூனிட்டின் காய வைக்கும் அறை, சராசரி வெப்பம் முப்பத்தொன்று. அந்த வரி பட்டியலிலேயே அழகாக அமைந்தது.

வனத்துறை ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆறாம் நாள் ஒப்புகைச் சீட்டு ஊதா முத்திரையோடு திரும்பி வந்தது. தங்கதுரை டீ வாங்கிக்கொடுத்தான். அன்று இரவு படுத்த பிறகுதான், எங்கள் நான்கு பேரின் பெயரும் முகவரியும், எது எந்த மூலையில் இருக்கிறது என்பதும் இப்போது வேறொருவர் மேஜையில் இருக்கிறது என்பது என் மூளைக்கு எட்டியது.

பதில் வரவில்லை. மூன்று வாரம் எதுவும் வரவில்லை. நெய்வேலிச் சுரங்கத்து ஜீப்புகள் கம்மாபுரம் பக்கம் நிலம் பார்க்கப் போவதும் வருவதுமாக இருந்த காலம் அது. ஒவ்வொரு ஜீப் ஓசைக்கும் என் பேனா நின்றது. அது தாண்டிப் போனபிறகும் விட்ட இடத்திலிருந்து எழுத முடியாது. கூட்டல் தப்பாக வரும். பேட்டை வாசல் டீக்கடையில் காக்கி பேண்ட் போட்ட ஒருவர் "இங்க பாம்பு வளக்கறாங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார் என்றார்கள். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அமிர்தம் தன் ஆமைகளை மணிமுத்தாற்றில் விட்டுவிட்டு வந்து கண் எழுத உட்கார்ந்தாள். அன்று அவள் எழுதிய கண்கள் மேல்நோக்கிப் போயிருந்தன. தங்கதுரை மண்ணுளியைக் கரும்புக் கொல்லையில் விட்டான்.

அவர்கள் என்னை மன்னிக்கட்டும், எல்லோருக்கும் முதலில் விட்டது நான். ஒப்புகைச் சீட்டு வந்த நான்காம் நாளே மூன்று ஆமைகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வேப்பூர் பஸ்ஸில் ஏறி, நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் முள்காட்டில் வைத்துவிட்டு, லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. "மனு போட்டிருக்கோம், பயப்பட வேணாம்" என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொளஞ்சிநாதனால் மட்டும் விட முடியவில்லை. வெளியே பனி. பதினோரு அடி உயிரை எங்கே விடுவது? ஆட்கள் அடித்துவிடுவார்கள், இல்லையென்றால் குளிர் கொன்றுவிடும்.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி பெரியநாயகி என்னிடம் வந்தாள். பாம்பை அவள் 'மூத்தவ' என்றுதான் சொல்வாள். சம்பளத்தை முதலில் மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தனக்குத் தருகிறார் என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்வாள். அன்று கேலி இல்லை.

"எங்க வூட்டுக்காரர் பேர நீங்க எழுதனீங்களாமே சார்."

"கையெழுத்து அவர்தான் போட்டாரு."

"அது தெரியும். வெறும் தாள்ல போட்டாரு. அதுல இது வரும்னு அவருக்குத் தெரியுமா?"

நான் பேனாவுக்கு மூடி போட்டேன். அவள் வெகுநேரம் நின்றாள்.

"ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது சார்" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. பச்சை ஜீப். வனத்துறை ரேஞ்சரும் காவலர்களான இரண்டு கார்டுகளும். ரேஞ்சர் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். முதலாளியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பையிலிருந்து என் பட்டியலை எடுத்தார். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

"செயலாளர் யாருங்க?"

"நான்தாங்க."

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. எங்க ஆபீசுலகூட இப்பிடி ரெக்கார்டு கெடையாது." உண்மையாகவே சொன்னார். "ஆமைங்கள்லாம் போயிடுச்சின்னு கேள்விப்பட்டேன். அத அப்பறம் பாப்போம். இந்த நாலாவது எங்க?"

முதலாளி அந்த வரியைப் படித்தார். தன் யூனிட்டின் பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார். காய வைக்கும் அறைக்குப் போனோம். அச்சுகளுக்குப் பின்னால் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகத் தூசியில்லாத தரை மட்டும் இருந்தது. பாம்பு எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் கட்டுக் கொட்டகையில் கொளஞ்சிநாதன் ஒரு பெரிய பெட்டிக்குள், சூளையிலிருந்து எடுத்த சூடான செங்கற்களைச் சாக்கில் சுற்றி அடியில் வைத்து, அதை உள்ளே விட்டு, மேலே வைக்கோல் போட்டு மூடியதை நான் பார்த்திருந்தேன்.

"இல்லியே" என்றார் ரேஞ்சர் அதே குரலில். "ஒண்ணு, பொய் எழுதியிருக்கீங்க. இல்ல, வித்துட்டீங்க. வித்தா அது வேற கேசு. வெளிநாட்டு பாம்பா உள்நாட்டு பாம்பாங்கறத கோர்ட்டுல பாத்துக்கலாம். செயலாளர் ஜீப்புல ஏறுங்க."

ஒரு கார்டு என் முழங்கைக்கு மேல் பிடித்தான். அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். கொளஞ்சிநாதன் சூளையறைக் கதவருகில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக மௌனமாக இருந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. நான் தரையைப் பார்க்கவில்லை, ரேஞ்சரைப் பார்க்கவில்லை. கொளஞ்சிநாதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். வரும்வரை காத்திருந்தேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர வுடுங்க சார். அது என்னுது" என்றார்.

கொட்டகைக்குப் போய், வைக்கோலை விலக்கி, அதைத் தூக்கித் தோளிலும் இடுப்பிலுமாகச் சுற்றிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். கார்டுகள் இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். முதலாளி ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோணியில் இறக்கும்போது அதன் தலையைக் கடைசிவரை தன் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

ரேஞ்சர் பறிமுதல் மகஜர் எழுதினார். "இந்த லிஸ்ட்டுல இருக்கறது ஒனக்குத் தெரிஞ்சிதான் எழுதனாங்களா?"

கொளஞ்சிநாதன் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் எனக்கு இப்போது எளிதாக இருக்கும். கணக்குப் பார்க்கிறவரைப்போல ஒருமுறை பார்த்தார்.

"தெரியுங்க. நான் சொல்லித்தான் எழுதனாரு."

ரேஞ்சர் அதை எழுதிக்கொண்டார். கொளஞ்சிநாதன் ஜீப்பில் ஏறும்போது, "மூட்டைய முன்னாடி எஞ்சினு பக்கமா வைங்க சார். பின்னாடி காத்து அடிக்கும், குளுரு தாங்காது" என்றார். கார்டு அவர் சொன்னபடி வைத்தான்.

மகஜரில் இருக்கும் அந்த வாக்கியம் உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவர் இருபத்தொரு நாள் கடலூர் ஜெயிலில் இருந்தார். பாம்பு மூன்றாம் நாளே ரேஞ்ச் ஆபீஸ் வராந்தாவில் செத்துப்போனது. வழக்கு நான்கு வருஷம் நடந்து அபராதத்தோடு முடிந்தது. பேட்டையில் யாரும் அவரைச் சூளைக்கு எடுக்கவில்லை. குஜராத்தில் ஓடு செய்யும் கம்பெனி ஒன்றுக்குப் போனார். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு பொங்கலுக்கு மட்டும், பிறகு இல்லை. தங்கதுரை மாற்றலில் அரக்கோணம் போனான். அமிர்தம் பார்வை மங்கி வேலையை விட்டாள். மனுவுக்குப் பதில் எதுவும் வரவில்லை. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. என் கையெழுத்து அவருக்குத் தேவைப்பட்டது.

பெரியநாயகி அதே யூனிட்டில் காய வைக்கும் அறைக்கு வேலைக்கு வந்தாள். அவளும் நானும் ஏழு வருஷம் அங்கே இருந்தோம். காலையில் வருகைப் பதிவேட்டின் முன்னால் வந்து தன் பெயரைச் சொல்வாள். மற்றவர்கள் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எழுதி முடித்துப் பேனாவை எடுக்கும்வரை நின்று, அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.