பத்தாவது சனிக்கிழமை

செல்லத்தாயின் பசுவுக்கு நாள் நெருங்கியிருந்தது. முந்தைய இரண்டு கன்றும் செத்தே பிறந்தவை. இதாவது உயிரோடு விழ வேண்டும் என்று, ஜோசியர் சொன்னபடி, சனிக்கிழமைதோறும் தொழுவத்து மூலையில் எறும்புகளுக்கு ரவையும் சீனியும் தூவினாள். ஒன்பது வாரம் முடிந்துவிட்டது.

பத்தாவது சனிக்கிழமை காலை தமிழ்வாணி வந்தாள். திருநகர்க்காரி, கல்லூரிக்காக எறும்பு வகைகளைக் கணக்கெடுப்பவள். பரவை ஊருக்குப் பக்கத்தில் இருந்த இந்தத் தோட்டத்தில், எறும்புகள் விழுவதற்காக முந்தின நாள் புதைத்திருந்த பிளாஸ்டிக் கப்புகளைத் தோண்டி எடுத்தாள்.

"போன வருசம் இருபத்திமூணு சாதின்னியே தாயி," என்றார் செல்லத்தாயின் கணவர் கருத்தக்கண்ணன். "இந்த வருசம் எம்புட்டு? அம்புட்டுக்கும் ரேசன் கார்டு வாங்கிருவோமா?"

தமிழ்வாணி சிரிக்கவில்லை. "கட்டெறும்பக் கடைசியா எப்பண்ணே பாத்தீங்க?"

"அது கெடக்கு, வேம்புல." திரும்பிப் பார்த்தார். பட்டையில் ஒன்றும் ஊரவில்லை.

"மாமரத்துல முசுறு கூடு கட்டிருந்துச்சே?"

"கூடு இருக்கு..."

"பிள்ளையார் எறும்பு?"

"அடுப்படியில எறும்பே இல்ல," என்று செல்லத்தாய் வெளியே வந்தாள். "ரெண்டு மாசமா சீனி டப்பாவத் தொறந்தே வச்சிருக்கேன்."

தமிழ்வாணி கப்புகளைச் சாய்த்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே எறும்பு. மஞ்சள் உடம்பு, நீளக் கால்.

"இதா? இது கடிக்காது, பாவம். நாந்தான் தீனி போடுறேன்."

"கடிக்காதுக்கா. அமிலத்தப் பீச்சும். மத்த எறும்பெல்லாம் அப்படித்தான் போச்சு. போன மாசம் ஒரு ஊர்ல, அப்பத்தான் பொறந்த ஆட்டுக்குட்டி. ஈரம் காயறதுக்குள்ள மொய்ச்சிருச்சு. ரெண்டு கண்ணும் போச்சு."



"மாட்ட எங்கயாச்சும் மாத்திருங்கண்ணே. இப்பவே."

"ஊருக்குள்ள முத்துப்பாண்டி தொழுவத்துக்கு ஓட்டிட்டுப் போறேன்," என்று கருத்தக்கண்ணன் மாட்டை அவிழ்க்க உள்ளே போனார். சற்று நேரத்தில் அவர் குரல் மட்டும் வந்தது. "எந்திரிக்க மாட்டேங்குது செல்லம். பனிக்குடம் ஒடஞ்சிருச்சு."

செல்லத்தாய் ரவை டப்பாவோடு ஓடினாள். சனிக்கிழமை இந்நேரத்துக்கு எறும்புகள் மூலையில் கூடிவிடும். இன்று மூலை வெறுமையாக இருந்தது. மஞ்சள் வரிசை ஒன்று, விரல் அகலத்தில், பசுவின் பின்னால் நனைந்த வைக்கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

டப்பாவை அப்படியே மூலையில் கவிழ்த்தாள்.

"இங்கிட்டு வாங்க," என்றாள். "இங்கிட்டு, இங்கிட்டு."

வரிசை திரும்பவில்லை. கன்றின் முன்னங்கால் குளம்பு வெளியே தெரிந்தது.