மூலையில் ஊதா

பதினோரு வருடம் டிவி பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். சொன்னால் சிரிப்பார்கள். குளுவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குழாய் டிவி செய்த காலம் அது. பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து நிறம் சரியா, கோடு நேரா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு நானூறு திரை. பிறகு தட்டை டிவி வந்தது, தொழிற்சாலையை மூடினார்கள், நான் கோத்தா திங்கியில் ஒரு பள்ளிக்கூடக் கென்டீனுக்குச் சமைக்கப் போய்விட்டேன். அந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன்.

அலைய வைத்தது என் வீட்டுக்காரருடைய வலது கை. கமலநாதன் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். தைப்பூசம் கழிந்த வாரம் ஸ்ட்ரோக் வந்து விழுந்தார். பேச்சு திரும்பியது, கால் கொஞ்சம் இழுத்தாலும் நடை திரும்பியது. கை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

"கை வரும்க்கா. ஆனா அவங்கதான் தூக்கணும்" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண். "இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே விட்டா தோள் இறுகிடும். அப்புறம் ரொம்ப சூசா."

'சூசா' என்றால் மலாயில் கஷ்டம். தூக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். "நான் என்ன தாடிக்காவுல படிக்கிற சின்னப் பிள்ளையா, பந்து வெளையாட?" என்று இவர் அதை இடது கையால் கட்டிலுக்கு அடியில் எறிந்தார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மனுஷர் அசையவில்லை.

ஒரு மதியம் ஸ்டோரைக் கூட்டும்போது மகள் ஷர்மினியின் பழைய கேம் பெட்டி கிடைத்தது. கூடவே வயர் வைத்த பிளாஸ்டிக் துப்பாக்கி. வாங்கியது மகளுக்கு, ஆனால் சுட்டது எல்லாம் அப்பாதான். துப்பாக்கியை அவர் மடியில் போட்டுவிட்டு நான் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அதை வலது கையில் பிடித்து, சுவரிலிருந்த பெரிய தட்டை டிவியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை மடியை விட்டு ஒரு சாண் மேலே வந்திருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. துடைப்பத்தைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அவசர அவசரமாகக் கேம் பெட்டியை அந்த டிவியில் மாட்டினேன். திரையில் சுட வேண்டிய தட்டுகள் பறந்தன. சுட்டார், ஒன்றும் ஆகவில்லை. பத்துத் தட்டு போனது, ஒன்றுகூட உடையவில்லை.

"இதுவும் செத்துப்போச்சு லா" என்று துப்பாக்கியைச் சோபாவில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

துப்பாக்கி சாகவில்லை. அதன் வாயில் ஒரு கண் இருக்கிறது. குழாய் டிவி ஒவ்வொரு கோடாக ஒளியை வரையும் அந்த நொடியைத்தான் அந்தக் கண் பிடிக்கும். தட்டை டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வரும், அது துப்பாக்கிக்கு ஆகாது. ஆக, எனக்கு வேண்டியது ஒரு குழாய் டிவி. அதுவும் மங்கின டிவி உதவாது. மறுபடி ஒரு முறை ஏமாந்தால் இவர் அந்தத் துப்பாக்கியைத் தொடவே மாட்டார்.

குப்பைக்குப் போகும் பொருளுக்கு இவ்வளவு கிராக்கி என்று தெரியாமல் போய்விட்டது. ஜொகூர் பாருவில் ஒரு கடைக்காரன் 'ரெட்ரோ' என்று பெயர் வைத்து எண்ணூறு வெள்ளி கேட்டான். என்னிடம் இருந்தது இருநூறு. மெர்சிங்கில் ஒன்று எண்பது வெள்ளிதான், ஆனால் கடல் காற்றில் உள்ளே துருப்பிடித்து, படம் கஞ்சித் தண்ணி மாதிரி இருந்தது. மூன்றாவதாக ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: டிவி லாமா, கலர் ரோசாக், நூற்று ஐம்பது வெள்ளி, குளுவாங். அதாவது பழைய டிவி, நிறம் பழுது. பழுது என்று தானாகச் சொல்கிறவன் மற்றதில் பொய் சொல்ல மாட்டான் என்று காரை எடுத்தேன்.

விற்பவர் கனகசுந்தரம். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டை போட்டு, சீப்பு வைத்துத் தலை சீவி, எனக்காகக் காத்திருந்தார். மனைவி யோகம் கதவருகே நின்றார். யாருக்கு டிவி என்று ஃபோனிலேயே கேட்டிருந்தார்கள். கென்டீனுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் என்று சொந்தக்காரர்களுக்கே நான் சொல்லவில்லை. பரிதாபமாக யாரும் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

"மூலையில பாருங்க" என்றார் கனகசுந்தரம். "ஏழு வருசமா இப்படித்தான். ரிப்பேர்காரர் டியூப் போயிட்டுதுன்னு சொன்னார். உள்ளதச் சொல்லிட்டேன், பிறகு குறை சொல்லக்கூடாது."

செய்தி வாசிக்கும் பெண்ணின் பாதி முகம் ஊதா, தோள் பச்சை. ஆனால் அந்த மூலையை விட்டுப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக இருந்தது, எழுத்தின் விளிம்பு நூல் பிடித்தாற்போல் நின்றது. நான் தேடியது இதுதான். ஊதா மூலைக்கு நேர் மேலே, டிவியின் தலையில், இரண்டு அங்குலப் பிள்ளையார் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"இவரு எங்கேர்ந்து வந்தாரு ஆன்ட்டி?"

"எங்கட காரில இருந்தவர், பிள்ளை. அங்கிளுக்குக் கண் மங்கினதும் காரை வித்தோம். காரை விக்கலாம், பிள்ளையாரை விக்க ஏலுமா? சாமி ரூமில இடமில்லை, இங்க வச்சேன்."

"கார் வித்து எத்தனை வருசம்?"

"ஏழு இருக்கும்."

கார்ப் பிள்ளையாருக்கு அடியில் காந்தம் உண்டு, வளைவில் விழாமல் இருக்க. காந்தம் நெருங்கினால் குழாய் டிவியின் நிறம் கெடும் என்று எங்கள் தொழிற்சாலையில் காந்தப் பூட்டு வைத்த கைப்பையைக்கூட லைன் பக்கம் விட மாட்டார்கள். விக்னம் தீர்க்கிறவரே ஏழு வருடமாக அந்த டிவிக்கு விக்னமாக உட்கார்ந்திருக்கிறார்!

பேசாமல் நூற்று ஐம்பதைக் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். டிவியில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் விலை ஏறும், அல்லது விற்கவே மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிரு கோமளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் கேட்டது, கை கேட்கவில்லை. திரையில் ஊதாவைக் கண்டால் நீட்டிப் பழகிய கை அது. பிள்ளையாரைப் பூவோடு எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டேன்.

திரையிலிருந்த ஊதா நகர்ந்தது. ஓரமாக ஓடி, கழுவின தட்டில் தங்கும் மஞ்சள் கறை அளவுக்கு ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் வந்தது.

"பிள்ளையாரே!" என்று யோகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? காந்தத்தைப் பற்றிச் சொன்னேன். அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால், மறுபடி போடும்போது உள்ளே இருக்கும் சுருள் மிச்சக் கறையையும் விரட்டிவிடும் என்றேன்.

"அப்ப இது நல்ல டிவியா?"

"இதைவிட நல்லதை நான் பாத்ததில்ல ஆன்ட்டி." என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

யோகம் கணவரைப் பார்த்தார். "நல்ல டிவியை ஏன் விக்கிறது? கென்டீனுக்கு வேறே டிவி கிடைக்காமலா போகும்?"

"கென்டீனுக்கு இல்ல ஆன்ட்டி" என்றேன். அழுகையும் ஆத்திரமுமாக எல்லாம் சேர்ந்தே வந்தது. லோரி, தைப்பூசம், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பந்து, ஒரு சாண் உயர்ந்த முழங்கை. முன்பின் தெரியாத இரண்டு பேரிடம், சொந்தக்காரர்களுக்கே சொல்லாததைக் கொட்டிவிட்டு, வெட்கத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கனகசுந்தரம் டிவியை அணைத்தார். யோகம் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கனகசுந்தரம் எழுந்து டிவியைப் போட்டார். 'டொம்ம்' என்று ஒரு சத்தம். படம் ஒருமுறை உதறி நின்றது. ஒரு கறை இல்லை. ஏதோ ஆற்றைக் காட்டினார்கள். கரையில் பச்சை, தண்ணீரில் பச்சை, இரண்டும் வேறு வேறு பச்சை. கறுப்பு, நிஜ இரவு போல ஆழமாக இருந்தது. ஒரு நாளைக்கு நானூறு திரை பார்த்தும் குறையைத்தானே தேடினேன், ஒரு படத்தையாவது பார்த்தேனா? கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் ஒரே ஒரு கீற்று, இவ்வளவு பெரிய ஆற்றைக் கண்ணிமைக்கும் முன் வரைந்து வரைந்து அழிக்கிறது. இதைச் செய்த கைகளில் என் கையும் ஒன்று என்று நினைத்தபோது கைகூப்பத் தோன்றியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிடம் ஆனதும் கனகசுந்தரம் தானாகவே அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டினார்.

"நூத்தைம்பதுன்னு போட்டேன். நூத்தைம்பதுதான்."

"ஏழு வருசத்தில பத்தே நிமிசம்தான் ஒழுங்காப் பாத்தேன்" என்று யோகம் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், சுற்றிக் கட்ட ஒரு பாத்தேக் துணி எடுத்து வந்தார். "பள்ளம் பாத்து ஓட்டு, பிள்ளை."

வீட்டில் இவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "எங்க புடிச்ச இந்தக் குண்டுப் பெட்டியை?"

வயரை மாட்டி, துப்பாக்கியை வலது கையில் கொடுத்தேன். "புடிச்சுக்கவா?"

"வேணாம். தள்ளு."

முதல் தட்டு பறந்தபோது கை மடியில் இருந்தது. இரண்டாவதற்கு முழங்கை வந்தது. மூன்று, நான்கு, ஐந்து போயின. திட்டினார், தட்டை, என்னை, செய்த கம்பெனியை. திட்டத் திட்டக் கை ஏறியது. நெஞ்சு வந்தது. நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நெஞ்சையும் தாண்டித் தோளுக்கு நேராக நின்றது. ஐந்து மாதம் துணி போலத் தொங்கிய கை, காற்றில் தானாக நின்றது. விரல் அசைந்தது. ஏதோ உடையும் சத்தம் கேட்டது.

"பட்டுச்சு! பாத்தியா கோமளா, பாத்தியா?"

"பாத்தேங்க, பாத்தேன்" என்றேன். திரைப் பக்கம் என் கண் போகவே இல்லை. எந்தத் தட்டு உடைந்தது என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.