ஓர் ஊசிக்கு நாற்பது பேர்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் லைன் மேற்பார்வைக்காரிக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர். அவள் ஓர் அதட்டல் போட்டால் நாற்பது தையல் மெஷின்களும் கைகட்டி நிற்கும். அப்பேர்ப்பட்டவளே அன்று காலை அதட்டலை மறந்து எதையோ இரண்டு முறை படித்தாள். சுவரில் புது நோட்டீஸ்.

'பெண்கள் ஸ்டோருக்குத் தனியாகச் செல்லக் கூடாது. துணையுடன் செல்லவும். வீண் சிரிப்பைத் தவிர்க்கவும்.'

முந்தாநாள் புது ஊசி வாங்க ஸ்டோருக்குப் போன, அதே லைனில் தைக்கும் அவள் நாத்தனாரை, ஸ்டோர்காரன் துணி ரோல்களுக்கு நடுவே மடக்கிப் பிடித்தான். அவன் கையைக் கடித்துவிட்டுத் தப்பி வந்த பெண், அன்றே புகார் எழுதிக் கொடுத்தாள். அதற்கு வந்த பதில்தான் இது.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போதே வீட்டில் சைரனின் கணவன், "அவன் அங்க இருக்கற வரைக்கும் என் தங்கச்சி வேலைக்குப் போக வேணாம். இன்னிக்கே கடைசி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"கை வெச்சது அவன். வீட்டுல உக்கார்றது நானா, அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

நோட்டீஸைப் படித்த கையோடு சைரன் மேனேஜரிடம் போனாள்.

"அவன் பிள்ளைகுட்டிக்காரன்மா. வேலை போனா என்ன பண்ணுவான்? நீங்கதான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

"அவன் கையில பல்லுத் தடம் இருக்கு சார். ஜாக்கிரதை எங்களுக்கா?"

"நோட்டீஸ்படி நடங்கம்மா!"

"நடக்கறோம் சார். நல்லாவே நடக்கறோம்."

அங்கே ஊசி உடைந்தால், துண்டுகளை அந்த மெஷின்காரியே ஸ்டோரில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. பத்து மணிக்கு முதல் ஊசி உடைந்தது.

"துணைக்கு யாரு?" என்றாள் சைரன். நாற்பது பேரும் எழுந்தார்கள். சிரிப்புக்குத் தடை என்பதால், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள், வந்தார்கள். உட்கார்ந்ததும் அடுத்த ஊசி. அன்றைக்கென்று ஊசிகளுக்கு என்ன கேடோ, மெஷினைத் தொட்டாலே உடைந்தன. ஏழாவது ஊர்வலத்தில் ஸ்டோர்காரன் பதிவேட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியோடு சுவரோரம் ஒதுங்கினான். வாசலில் சட்டைகளை ஏற்ற வந்த லாரி, ஹாரன் அடித்தே தொண்டை கட்டிப்போனது.

மேனேஜர் ஓடி வந்தார். "ஒரு ஊசிக்கு நாப்பது பேரா? விளையாடறீங்களா?"

"துணைக்கு எத்தனை பேருன்னு நோட்டீஸ்ல போடலையே சார். போன துணை தனியாத் திரும்பி வரலாமா? அவளுக்கும் துணை வேணுமில்ல?"

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"நாப்பது பேரை நகர்த்தறதைவிட ஒருத்தனை நகர்த்தறது சுலபம் சார். இதைப் புரிய வைக்கறதுக்குக் காலையிலேருந்து நடந்து நடந்து கால் வலிக்குது!"

மூன்று மணிக்கு ஸ்டோர்காரனை வேலையிலிருந்து நிறுத்தி, நாத்தனார் கேட்டபடி அவள் புகாரைப் போலீஸுக்கும் அனுப்பினார்கள். நோட்டீஸைக் கிழித்தது மேனேஜரே. ஸ்டோர் நாற்காலிக்குப் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

மறுநாள் காலை நாத்தனாரின் ஊசி உடைந்தது, இம்முறை நிஜமாகவே. யாரையும் பார்க்காமல் எழுந்து, தனியாகப் போனாள். நாற்பது மெஷின்களும் நின்றன. ஊசி விழுந்தால்கூடக் கேட்டிருக்கும்.

திரும்பி வந்தாள்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?" அலறினாள் சைரன்.

"புது ஆள் அண்ணி. ஊசி எங்க இருக்குன்னு தேடினாங்க" என்று சொல்லி, ஊசியை மெஷினில் மாட்டினாள்.