வலது கைகளின் நீளம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் ஆண்கள் விடுதியில், ஆடி மாதம் இரண்டாவது வாரம், முப்பத்தொரு பேருக்கு வலது கை நீண்டது. சிலருக்கு ஒரு விரற்கடை, சிலருக்கு ஒரு சாண், ஒருவருக்கு மட்டும் இரண்டு. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கம்பெனி டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். கேன்டீனில் தண்ணீர் கேனை மாற்றினார்கள். சேஃப்டி ஆபீசர் டேப் வைத்து அளந்து, கட்டில் எண் வாரியாக நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார். லைன் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் மெர்சி அங்கே போயிருந்தாள். தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வில் அவளுக்கு வேலை. பெண்கள் மேல் தங்களுக்கு என்னென்ன உரிமை இருப்பதாக இளைஞர்கள் நினைக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். பெயர் வேண்டாம், கட்டில் எண் போதும். 'சிரித்துப் பேசினாலே சம்மதம்தான்', 'செலவு செய்தவன் கேட்டால் மறுக்கக் கூடாது', 'வேண்டாம் என்பவள் இன்னொரு தரம் கேட்கச் சொல்கிறாள்' என்று இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். சேஃப்டி ஆபீசரின் பட்டியலையும் தன் படிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மதிப்பெண் ஏற ஏறக் கை நீண்டிருப்பது தெரிந்தது. பதினான்காம் கட்டில் மட்டும் இடித்தது. எல்லாவற்றுக்கும் ஒன்று, அதாவது 'இல்லவே இல்லை'. ஆனால் கை மற்ற எல்லாரையும் விட நீளம், இரண்டு சாண். அந்தக் கட்டிலில் படுப்பவன் அவள் தம்பி சாம்சன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படப்பை வீட்டுக்கு வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஃபேன் சுவிட்சைப் போட்டான். அம்மா பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

"படிவத்துல பொய்தானே எழுதின?" என்று மெர்சி கேட்டாள்.

"உனக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதாக்கா? அதத்தான் எழுதினேன்."

"யாருடா அந்தப் பொண்ணு?"

சந்திரலேகா, என்றான். அதே லைன். ஆறு மாதமாக பஸ்ஸில் சீட் போட்டு வைத்திருக்கிறான், அவள் போனுக்கு மூன்று முறை ரீசார்ஜ் செய்திருக்கிறான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "சும்மா சொல்றா. நாளைக்கு ஷிப்ட் வுட்டு வரட்டும், இன்னான்னு கேட்டுட்டுத்தான் வுடுவேன்." சொல்லி முடிப்பதற்குள் அவன் விரல்கள் தரையைத் தொட்டன. மெர்சி பயந்தாள். பயந்தது தம்பிக்காகவா அந்தப் பெண்ணுக்காகவா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மூன்றரை மணிக்கு அவள் ஒரகடம் கூட்ரோட்டில் நின்றாள். சாம்சன் எதிர்ப்பக்கம், சாலைக்கு அப்பால். கம்பெனி பஸ் நின்று சந்திரலேகா இறங்கியதும், அவன் கை டிவைடரைத் தாண்டி, இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, காத்திருந்தார். மெர்சி ஓடிப்போய் அந்தக் கையைப் பற்றினாள். இரும்புபோல இறுகியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து பிடித்தார்கள். பதினோரு பேர் இழுத்தும் ஒரு விரல்கூட அசையவில்லை. சந்திரலேகாவின் உள்ளங்கை வெளுத்துக்கொண்டே வந்தது.

அவள் அழவில்லை. "போன வாரமும் வேணாம்னேன். இப்பவும் வேணாம்," என்றாள், எதிர்ப்பக்கம் பார்த்து.

மெர்சி போன் போட்டாள். அவன் இடது கையால் எடுத்தான்.

"அவ இன்னா சொன்னா? சொல்லுடா."

"சும்மாக்கா, அது…"

பிடி இறுகியது. எலும்பு நெரியும் சத்தம் மெர்சிக்குக் கேட்டது.

"டேய், அவ சொன்னத மட்டும் சொல்லு. நீ நெனைக்கிறத சொல்லாத."

அவன் சாலைக்கு அப்பால் சந்திரலேகாவைப் பார்த்தான். பிறகு, "வேணாம்னு சொன்னா," என்றான். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கை சாலையில் தேய்ந்துகொண்டே திரும்பிப் போயிற்று.

சந்திரலேகா கம்பெனியில் புகார் கொடுத்தாள். சாட்சி என்று கேட்ட இடத்தில் மெர்சி தன் பெயரை எழுதினாள். சாம்சனுக்கு வேலை போனது. அம்மா மெர்சியோடு பதினாறு மாதம் பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள். மறு ஆண்டு ஆடியில் மெர்சி திரும்ப அளந்தபோது ஒன்பது பேருக்குக் கை பழைய அளவுக்கு வந்திருந்தது. எப்படி என்று அவர்களுக்கே தெரியவில்லை. வீட்டிலிருந்த சாம்சனுக்குப் போன வருடப் பட்டியலில் இருந்ததைவிட அரைச் சாண் குறைந்திருந்தது. இந்த முறை அவன் படிவத்தை இரண்டு நாள் வைத்திருந்து, ஆறு வாக்கியங்களுக்கு உண்மையை எழுதி, மற்றவற்றுக்கு எதுவும் எழுதாமல் கொடுத்தான்.

இப்போது யூனிஃபார்ம் தைப்பவர்கள் வலது கைக்குத் தனி அளவு எடுக்கிறார்கள், கூலி அதேதான். படப்பையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெண் வீட்டார் ஜாதகத்தோடு பையனின் இரண்டு கை அளவையும் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு விரற்கடை வித்தியாசம் வரை சிலர் சம்மதிக்கிறார்கள்; சந்திரலேகா வீட்டில் அதற்கும் சம்மதிக்கவில்லை.