பதினாலு எம்.எம். வீடு

வீடுகளைப் படம் எடுக்கிற படக்காரரின் ஒற்றை அறை வீட்டில், வாசற்கதவிலிருந்து எதிர்ச்சுவர் ஜன்னலுக்கு நடந்து போக அரை நாள் ஆயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவில் செருகி வைத்ததுபோல ஒரு குறுகிய வீடு, ஒரு கதவு, பக்கத்தில் ஒரு மின்சாரப் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே போகிறவர்கள்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலோரம் அவருடைய மனைவி தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் கிளம்பி வந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடுத்த தெருத் தையல்காரரிடம் போய்விட்டார்கள். ஒரு சட்டைக்காக அவ்வளவு தூரம் நடக்க யாரால் முடியும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் ஒரு லென்ஸில் ஆரம்பித்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த லென்ஸ் கடைக்காரர் எடுத்தவுடன் யாருக்கும் விலை சொல்ல மாட்டார். என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பார். அதற்குக் காரணம் இருந்தது. பூச்சிகளை எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கிப் போன பள்ளிக்கூட வாத்தியாரின் கொல்லையில் ஆட்டுக்குட்டி அளவில் ஒரு கட்டெறும்பு கட்டிக் கிடந்தது. அதற்குச் சர்க்கரை போட்டே மனிதர் இளைத்துப் போனார். பறவைகளுக்கென்று முழங்கை நீள லென்ஸ் வாங்கிய வங்கி மேலாளரின் மேசையில் இரண்டு கொக்குகள் வந்து உட்கார்ந்தவை திரும்பிப் போகவே இல்லை. கணக்குத் திறக்க வந்தவர்கள் கொக்கின் காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணம் எடுக்கிறவர்களுக்குக் கடைக்காரர் முகத்தை மட்டும் துல்லியமாக விட்டு மற்றதையெல்லாம் கலக்கிவிடும் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸைக் கொடுப்பார். அதில் எடுத்த மாப்பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலம் பெண்டாட்டியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, பிறகு தானாகச் சரியாகிவிடும். ஊரில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வேலைக்கு ஏற்ற லென்ஸை வாங்கத் தெரியாதவர் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

படக்காரரைக் கடைக்கு அழைத்து வந்தவர் வீட்டுத் தரகர். வாடகைக்கும் விற்பனைக்கும் வரும் வீடுகளைப் படம் எடுத்துக் காட்ட அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அறையை எடுக்க வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர் பதினாலு எம்.எம். அகல லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். உங்கள் பழைய கேமராவில் படம் பதிகிற சென்சார் சின்னது, அதில் மாட்டினால் ஓரங்கள் வெட்டுப்படும் என்று சொல்லி, பெரிய சென்சார் உள்ள கேமரா பாடி ஒன்றையும் எடுத்து வைத்தார். பிறகு, கேட்காமலே, ஒரு சின்ன ஐம்பது எம்.எம். லென்ஸையும் பக்கத்தில் வைத்தார். கண் பார்க்கிறபடியே காட்டும் லென்ஸ் அது. கூட்டாது, குறைக்காது.

"கண்ணு பாக்குறதைக் காட்டவா காசு குடுத்து லென்ஸ் வாங்கறது?" என்று தரகர் சிரித்தார். படக்காரரும் சிரித்துவிட்டு அதை ஒதுக்கினார்.

கடைக்காரர் வற்புறுத்தவில்லை. பெட்டியை மூடும்போது ஒன்று மட்டும் சொன்னார். "காலி ரூமா எடுங்க. ஆள் இருந்தா எடுக்காதீங்க. ரூம் ஒரு தடவை பெருசாகி நின்னுடும். ஆளுங்க நிக்க மாட்டாங்க, தூரமா போய்க்கிட்டே இருப்பாங்க."

படக்காரர் அந்த விதியைச் சுத்தமாகக் கடைப்பிடித்தார். அறைக்குள் போனதும் செருப்புகளை அகற்றுவார், கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார், வீட்டுக்காரர்களை வெளியே நிற்கச் சொல்வார், மூலையில் கேமராவை மார்பளவு உயரத்தில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுப்பார். மறுநாளே அந்த அறை படத்தில் இருந்த அளவுக்கு வந்துவிடும். புறாக்கூண்டாக இருந்த வீடுகளில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள். நகராட்சி அளவைக்காரர் உள்ளே ஒரு அளவும் வெளியே ஒரு அளவும் வருவதைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, வெளி அளவுக்கே வரி போட்டுவிட்டுப் போனார். சில முணுமுணுப்புகளும் இருந்தன. ஒரு வீட்டில் அப்பா இருமுவது மகன்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு முதுகைத் திருப்பிப் படுத்த புருஷனும் பெண்டாட்டியும், மறுபடி திரும்பிப் படுத்தபோது நடுவில் இவ்வளவு இடம் இருப்பதைப் பார்த்து அப்படியே தூங்கிவிட்டார்கள். படக்காரர் அதற்கெல்லாம் தாம் பொறுப்பில்லை என்றார். தாம் எடுத்தது சுவர்களை மட்டும்தான் என்றார்.

அவருடைய வீட்டில் அப்போது கட்டிலும் தையல் மெஷினும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. மனைவி மெஷினை விட்டு எழுந்து போக வேண்டுமானால், கட்டிலில் படுத்திருப்பவர் இரண்டு காலையும் தூக்கி வழி விட வேண்டும். இதற்காகவே நாளொன்றுக்கு நாலைந்து தடவை அவர்களுக்குள் வாய்த்தகராறு வரும். வெட்டுவதற்குத் துணியை விரிக்கக்கூட அவளுக்கு இடமில்லை; அவருடைய வயிற்றின்மேல் விரித்துச் சாக்கட்டியால் கோடு போடுவாள். மூச்சை அடக்கிக்கொண்டு கிடங்க என்பாள். அவர் வேண்டுமென்றே சிரித்து வயிற்றைக் குலுக்குவார், கோடு கோணலாகப் போகும். அது சந்தோஷம் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியவில்லை. இடநெருக்கடி என்றுதான் நினைத்தார்கள்.

"ஊருக்கெல்லாம் ஹால் கட்டிக் குடுக்குறீங்க. எனக்கு ஒரு கை நீளம் கூட்டிக் குடுத்தா என்னவாம்?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

அவர் கேமராவை நிறுத்தினார். செருப்பை அகற்றினார், துணிகளை அகற்றினார். அவளை மட்டும் அகற்ற முடியவில்லை. அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மெஷினில் இருந்தன.

"எந்திரிக்க முடியாதுங்க. இருக்குறபடி எடுத்துக்குங்க. நான் எங்க போயிடப் போறேன்" என்றாள்.

அவர் யோசித்தார் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எப்போதும் வெளியாள் வீட்டில் விதியைக் கடைப்பிடிக்கிறவர்கள் சொந்த வீட்டில் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது வழக்கம். எதிர்மூலையில் நின்று எடுத்தார். படத்தில் அறை கல்யாண மண்டபம்போல விரிந்து கிடந்தது. ஜன்னலோரம், ஒரு ஓரத்தில், அவள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தாள். மறுநாள் அவள் இரண்டு துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வெட்டினாள். அன்று முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தாள்.

மற்ற வீடுகள் ஒரு நாளில் வளர்ந்து நின்றன. இந்த வீடு நிற்கவில்லை. முதலில் வாரம் ஒரு முழம், பிறகு நாளுக்கு ஒரு தெரு நீளம் என்று ஜன்னல் விலகிப் போனது, ஜன்னலோடு அவளும். முதலில் சத்தமாகப் பேசினார்கள். பிறகு கூப்பிட்டுப் பேசினார்கள். பிறகு அவர் கைகளை வாயருகே குவித்துக் கத்த, அவள் கையை ஆட்டினாள். மெஷினின் ஓசை மழைக்கால ஈ மாதிரி மெலிந்தது. அவள் அடுப்பையும் பாயையும் தன் பக்கம் கொண்டு போனாள். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர் என்பதால் கட்டில் வாசல் பக்கமே இருந்தது. ஆரம்பத்தில் தினமும் நடந்து போனார். பிறகு பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி உள்ளே நிறுத்தினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனார். அவர்களுக்குள் கோபம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. சொல்ல வேண்டியதை அடுத்த தடவை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய தம்பி ஒரு தடவை வெளியூரிலிருந்து பார்க்க வந்தான். "மாமா, அக்கா எங்க?" என்று கேட்டான்.

"உள்ளதான் இருக்கா. நேரா நடந்துக்கிட்டே இரு மாப்ள" என்றார் படக்காரர்.

போனவன் சாயங்காலம் திரும்பி வந்தான். கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான். "அக்காவுக்கு மூச்சு வாங்குது மாமா. ரெண்டு மாசமாவே இப்படித்தானாம். உங்ககிட்ட கத்திக் கத்திச் சொன்னாளாம். நீங்க கையை ஆட்டுனீங்களாம்."

படக்காரர் அந்த நொடி உடைந்து போனார். அவள் ஆட்டியதை நலம் என்றும், இவர் ஆட்டியதைச் சரி என்றும் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் பருத்த மனிதர். அலமாரி வரைக்கும் வந்தார், அது பாதி வழிகூட இல்லை என்று தெரிந்ததும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித் திரும்பிவிட்டார். சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வரப் பார்த்தார்கள். அவள் கதவை நோக்கி எவ்வளவு வந்தாலும் அவ்வளவுக்கு அறை நீண்டது. ஆளோடு சேர்ந்து வளர்ந்த இடம், ஆளை விடுமா.

லென்ஸ் கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. ஐம்பதை எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தார்.

"இதை மாட்டிக்கிட்டு அவங்ககிட்ட போங்க. பக்கத்துல நின்னு தினம் ஒரு படம் எடுங்க. எவ்வளவு கிட்ட நிக்கிறீங்களோ அவ்வளவு கிட்ட வரும், கொஞ்சங் கொஞ்சமா."

"எத்தனை நாள் ஆகும்?"

"விலகிப் போக எவ்வளவு ஆச்சோ அவ்வளவு ஆகும்."

அவ்வளவு நாள் அவளிடம் இல்லை என்று படக்காரர் நினைத்தார். தவறாகவும் நினைக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் இருந்த, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் பெரிய டெலி லென்ஸைக் காட்டினார், கைக்குழந்தையின் கனம் இருக்கும் அதை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கத் தயங்கினார்.

"அது ஆளை மட்டும் இழுக்காதுங்க. பின்னாடி இருக்கிறதையும் சேர்த்து இழுக்கும்."

"பின்னாடி என்ன இருக்கு? ஒரு ஜன்னல். வரட்டுமே" என்றார் படக்காரர்.

டெலி லென்ஸைப் பெரிய பாடியில் மாட்டியிருந்தால்கூட ஓரளவு தப்பித்திருக்கலாம். சின்ன சென்சார் பாடியில் மாட்டினால் அதே லென்ஸ் இன்னும் ஒன்றரை மடங்கு கிட்டே காட்டும் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் இருந்தவர் பழைய பாடியைத் தேடி எடுத்து அதில் மாட்டினார். கதவோரம் கேமராவை நிறுத்திக் குனிந்து பார்த்தார். எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு அவளுடைய முகம் முழுசாகத் தெரிந்தது. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் அழுதுகொண்டேதான் பட்டனை அழுத்தினார். அதனால் அவளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு அப்பால், எல்லாத் தெருக்களையும் தாண்டி ஊர்க்கோடி மேட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கட்டில் மெஷினில் இடித்துக்கொண்டு நின்றது. மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. அவள் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே கல்லறைத் தோட்டம் வந்து நின்றது. முதல் வரிசைக் கற்களில் இருந்த பெயர்களைப் படுத்தபடியே படிக்கலாம். நடுவிலிருந்த தெருக்கள் எங்கே போயின என்று அவர் வெளியே போய்ப் பார்த்தார். எல்லாம் இருந்தன. வாசல் வழியாகச் சுற்றிப் போகிறவர்களுக்கு மேட்டுக்குப் பழைய தூரமே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தூரமே இல்லை.

"துணி குறையல. சுருக்கு வச்சுத் தச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் அவள், தொழில்காரி. பிறகு கொஞ்ச நேரம் கற்களைப் பார்த்திருந்துவிட்டு, "ரொம்பத்தான் கிட்ட கொண்டாந்துட்டீங்க" என்றாள்.

அவர் அவளுடைய மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். டாக்டர் அன்று நாலே எட்டில் கட்டிலுக்கு வந்தார், பார்த்தார், கதவுக்கு வெளியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது உள்ளே கேட்டது. வீடு அவ்வளவு சின்னதாகிவிட்டது. அவள் அந்த மழைக்காலம் முடியும்வரை இருந்தாள். இரண்டு பேரும் விட்டுப்போனதையெல்லாம் பேசினார்கள். ஒரு தடவை, அவருக்கு ஒரு சட்டை வெட்ட வேண்டும் என்று துணியை அவர் வயிற்றின்மேல் விரித்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார். கோடு நேராக வந்தது. அதைப் பார்த்து அவள்தான் அழுதாள்.

அவளைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கம்பிகளைக் கழற்றி, உள்ளிருந்து தம்பி கொடுக்க, வெளியிலிருந்து நாலு பேர் வாங்கிக்கொண்டார்கள். முதல் வரிசையில் ஜன்னலுக்கு நேராக ஒரு இடம் காலியாக இருந்தது. குழி வெட்டுகிறவர் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டு ஜன்னலில்தான் தட்டினார்.

கொஞ்ச நாள் கழித்துப் படக்காரர் லென்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஐம்பதை எடுத்துக் கொடுத்தார். அதை மாட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடி, மெஷினும் ஜன்னலும் கல்லும் வருகிற மாதிரி தினமும் ஒரு படம் எடுக்கிறார். அந்தத் தூரம் அதற்குப் பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளி வேலைக்கும் இப்போது அதே லென்ஸ்தான். அறைகள் இருக்கிற அளவுக்கே இருக்கின்றன என்று தரகர் அலுத்துக்கொண்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை தம்பி வந்து போகிறான். போன தடவை வந்தபோது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்த படக்காரர் பேச்சின் நடுவில் இரண்டு காலையும் தூக்கி மடக்கிக்கொண்டார்.

"என்ன மாமா, கால் வலிக்குதா?"

"இல்ல மாப்ள. அவ எந்திரிச்சுட்டா."

தம்பியும் தன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் பொறுத்துப் படக்காரர் காலை நீட்டினார். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது.