உறுமலுக்குப் பின் ஒரு ஒப்பாரி

தனுஷன் உறுமிப் பழகத் தொடங்கிய காலத்தில் தேயிலைத் தோட்டமே ஏமாந்துபோனது. பலாங்கொடைக்கு மேலே, பனி இறங்குகிற சாயங்காலங்களில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தை எடுப்பான். காட்டுப்பன்றி இறங்கிவிட்டதென்று ஆம்பிளைகள் தகரம் தட்டிக்கொண்டு ஓடினார்கள். அங்கே தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடி நின்றவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய அக்காவின் மாமியார் வெள்ளையம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேய்தான் பிடித்திருக்கிறது, திருநீறு போடுங்கள் என்றாள்.

அக்கா ஜீவராணிக்குப் பயமெல்லாம் இல்லை. அந்த உறுமல் ஒரு பாட்டு வகையாம், டெத் மெட்டல் என்று பெயராம். "சாவுன்னு பேரு வச்சுக்கிட்டு இப்படியாடா கத்துவாங்க?" என்று கேட்டாள்.

"கத்துறது மட்டுமில்லக்கா. கேட்டுப் பாரு" என்று காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்தான்.

முதலில் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற இரைச்சல். அதற்குள் தம்பியின் உறுமல். பிறகு எல்லாம் சட்டென்று ஓய்ந்து, ஒற்றைக் கித்தார் மெல்ல நடந்து வந்தது. அதன் பின்னால், தம்பியோடு சேர்ந்து வாசிக்கும் எம்பிலிப்பிட்டிய சமிந்தவின் சிங்களப் பெரஹரா ஊர்வல மேளம். அதற்கும் பின்னால் இன்னொரு கூட்டாளி அப்லால் வாசித்த ஆர்மோனியம், எங்கோ பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது. ஜீவராணி அடுப்பை மறந்து நின்றாள். சோறு அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவுக்கு நினைவு திரும்பினாள்.

"நாங்க போடுற அல்பத்துல இதுதான் கடைசிப் பாட்டு. நடுவுல ஒரு ஒப்பாரி வேணும். நீ பாடுக்கா."

அவள் சட்டியைச் சுரண்டினாள். ஒரு காலத்தில் சாவு வீட்டில் ஜீவராணி வாயெடுத்தால் கல்நெஞ்சுக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் கொழும்பில் கடை வேலைக்குப் போன அவள் புருஷன் கிருஷ்ணராஜ் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்க வெளியே இறங்கித் திரும்பாமல் போனதிலிருந்து அவள் எந்த வீட்டிலும் பாடியதில்லை. ஐந்து வருசமாகிவிட்டது. பொலிஸிலும் விசாரித்தாகிவிட்டது, கோயில் கோயிலாக நேர்ந்தும் ஆகிவிட்டது. இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, செத்தான் என்றும் தகவல் இல்லை. மகனுக்கு ஒவ்வொரு ராத்திரியும் சோறு எடுத்து மூடி வைப்பது வெள்ளையம்மாவின் வழக்கம். "ஒடம்பப் பாக்காம ஒப்பாரி கெடையாது. வாயெடுத்தா நாமளே அவன அனுப்பி வச்ச மாதிரி" என்று அவள் போட்டிருந்த கட்டளையை ஜீவராணி மீறியதில்லை. மீற நினைத்ததும் இல்லை. பாடிவிட்டால் நெற்றிப் பொட்டுக்கு என்ன அர்த்தம்?

ஆனாலும் அந்தக் கித்தார் அவளை விடவில்லை. கொழுந்து பறிக்கும்போது விரல்கள் அதன் நடைக்கே போய்வந்தன. கடைசியில் தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டிய அப்பா நாகலிங்கம் செத்து எவ்வளவோ காலம். அவருக்குப் பாடலாம். பழைய சாவுக்குப் பாடினால் யாருக்கு என்ன கெடுதி?

அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் வேலை செய்துவிட்டு பஸ் ஏறினாள். பலாங்கொடையில் அப்லாலின் வாப்பா நடத்தும் துணிக்கடைக்கு மேல் அறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டைத் தட்டுகளும் பழைய மெத்தைகளும், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. கதவைச் சாத்தியதும் பஸ் சத்தம், சந்தைச் சத்தம், மழை எல்லாம் அறுந்துபோய் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது.

"பயப்பட வேணாம் அக்கே" என்றான் சமிந்த, தனக்குத் தெரிந்த தமிழில்.

காதில் மாட்டிய கருவியில் பாட்டு ஓடியது. தம்பி உறுமினான். காதுக்குள் அவ்வளவு நெருக்கத்தில் கேட்டபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. பொம்பிளைகளுக்கு ஒப்பாரி இருக்கிறது. ஆம்பிளைகள் பாடை கட்டவும் தப்பு அடிக்கவும் போய்விடுவார்கள். அவர்கள் அழுதிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். இந்தப் பயல் இவ்வளவு காலமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மச்சானுக்காகத்தான் அழுதுகொண்டிருந்தானோ என்று நினைத்தாள். கித்தார் வந்தது. கண்ணை மூடினாள்.

"கவ்வாத்து மலையில கத்தி புடிச்ச கை எங்கே
என்னப் பெத்த அப்பா
கட்டையில வெந்ததென்ன..."

குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. அது வழுக்கிக்கொண்டு ஆர்மோனியத்தின் மேல் ஏறியது. மூடிய கண்ணுக்குள் பனி. பனிக்குள் அப்பா கவ்வாத்துக் கத்தியோடு ஏறிப்போனார். அவர் போன பாதையில் இன்னொருவன் இறங்கி வந்தான். கையில் பை. பஸ் படியில் ஒரு கால். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"கொழும்புக்குப் போறேன்னு அசைச்சுப்போன கை எங்கே
என்ன ஆண்ட ராசா
கொள்ளி வைக்க ஒடம்பு எங்கே..."

அதற்கு மேல் வரவில்லை. பாட்டு அவளை விட்டுவிட்டு ஓடி முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அப்லால்தான் மெதுவாகக் கேட்டான்: "அழிச்சிடவா ராணியக்கா? ஒங்க வாப்பாவுக்கு மட்டும் வேற ஒண்ணு பாடுவோமா?"

ஜீவராணி காதுக் கருவியைக் கழற்றினாள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று பயம். அந்தப் பயத்துக்கும் அடியில், கல்லைத் தூக்கிச் சுமந்தவள் இறக்கி வைத்ததுபோல் ஒரு அசதி. "இருக்கட்டும்" என்றாள்.

அல்பம் வந்தது. வீட்டில் இருந்தது கெசட் ரேடியோதான் என்பதால் தனுஷன் அக்காவுக்கென்று கெசட்டில் பதிந்து கொடுத்தான். கொழும்புப் பையன்கள் அந்தக் கடைசிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றான். மாமியார் இருக்கும்போது அதைப் போடக் கூடாதென்று ஜீவராணி சேலைகளுக்குள் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளையம்மாவே கேட்டுவிட்டாள்.

"ஒந் தம்பி பேய்ப் பாட்டு போட்டிருக்கானாமே. ஊரே கேட்டுருச்சு. நான் மட்டும் கேக்கக் கூடாதா?"

மறுக்க வழியில்லை. முதல் பக்கத்தைப் போட்டாள். வெள்ளையம்மா வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டாள். அது முடிந்ததும் மறுபக்கத்தையும் போடச் சொன்னாள். கடைசிப் பாட்டு தொடங்கியதும் ஜீவராணி நிறுத்தக் கையை நீட்டினாள்.

"விடு புள்ள. நல்லாத்தான் அழுவுறான்" என்றாள் கிழவி.

அப்பாவுக்கான அடி வந்தது. வெள்ளையம்மா மெல்லுவதை நிறுத்தினாள். அடுத்த அடியும் வந்தது. ஜீவராணி நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டட்டும், அடிக்கட்டும், வீட்டைவிட்டுப் போ என்று சொல்லட்டும். கெசட்டில் அவள் குரல் நின்றுபோய் கித்தார் மட்டும் நடந்தது.

சாவு வீட்டில் ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவள் தோளைக் கட்டிக்கொண்டு அடுத்த அடியை எடுக்க வேண்டும். விட்டுவிட்டுச் சும்மா இருக்கிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. வெள்ளையம்மா நகர்ந்து வந்தாள். மருமகளின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். கரகரத்த குரலில், கித்தாரின் நடை பிசகாமல் எடுத்தாள்.

"நான் பெத்த ராசா
மூடி வச்ச சோறெல்லாம் ஆறிப்போச்சே..."

ஜீவராணி அடுத்ததை எடுத்தாள். கெசட் முடிந்து தானாக நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். யார் செத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.