பக்கத்து வீட்டில் பலித்த வேதபாடம்

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் ஏசுபாதம் காலையில் வாசித்த வேதபாடம் எதுவானாலும், சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டில் நடந்தது. அவருடைய வீட்டில் ஒரு நாளும் நடக்கவில்லை. தாம்பரம் யார்டில் ரயில்பெட்டி கழுவி ஓய்வு பெற்றவர் அவர்; படிப்பு மூன்றாம் வகுப்பு. மனைவி தபீதாளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு காலும் விழுந்த பிறகு, சபையில் கொடுத்த அட்டவணைப்படி தினம் ஒரு பகுதியை, வரிக்கு அடியில் விரலை ஓட்டிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். அவள் எழுந்து அடுப்படி வரைக்கும் நடந்தால் போதும், வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

கன்மலையிலிருந்து தண்ணீர் புறப்பட்ட பகுதியை வாசித்த அன்று, வருடக்கணக்காக வற்றிக் கிடந்த பக்கத்து வீட்டு போர்வெல் பொங்கி வழிந்தது. அந்த வீட்டுக்காரர் சம்பந்தம், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விதவையின் வீட்டில் எண்ணெய் வற்றாத பகுதிக்குப் பிறகு அவர் மனைவி தீபலட்சுமி நாற்பது நாள் ஒரே கேன் எண்ணெயில் தெருவுக்கே வடை சுட்டாள். தவளை வாதையைப் படித்த நாளில் அவர்கள் வீட்டுப் பாத்திரம் முழுக்கத் தவளை. ஏரி பக்கத்தில் இருப்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னா ஏசண்ணா, நாளைக்கு இன்னா பாடம்? வெட்டுக்கிளின்னா முன்னாடியே சொல்லிடு, துணிய உள்ள எடுத்துக்கிறேன்" என்பார் சம்பந்தம்.

ஏசுபாதம் சபை பாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது, "உங்க விசுவாசத்துல குறை இருக்கு, பிரதர்" என்றார்.

"அவன் வூட்ல எவனுக்கு விசுவாசம் கீது? வேதத்தக் கையால தொட்டதில்ல அவன். மேல ஒக்காந்துகினு எவனோ அட்ரஸ மாத்தி எழுதிட்டான், அத்த முதல்ல கேளுங்க."

பாஸ்டர் அதன் பிறகு அவர் வீட்டுக்கு ஜெபம் பண்ண வரவில்லை.

ஆலய வாசலில் சப்பாணி எழுந்து நடந்த பகுதி அட்டவணையில் ஆகஸ்டில் வரும். முதல் வருடம் அதை வாசித்தபோது சம்பந்தத்தின் நொண்டி நாய் ஏரியைச் சுற்றி ஓடியது. ஏசுபாதம் திண்டாடிப் போய் ஒரு வருடம் காத்திருந்தார். மறு ஆகஸ்டில் அதே நாள் விடிந்ததும் தபீதாளை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்து வாசித்தார். நாலு மணிக்கு அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போய், உப்பு எங்கே என்று தீபலட்சுமியைக் கேட்டாள்.

ஏசுபாதம் ஓடினார். அவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் தபீதாள் கால் மடங்கிக் கீழே விழுந்தாள். அவர் வெளியே வந்தார்; அவள் எழுந்தாள். மூன்று முறை இப்படி நடந்தது. அவர் எங்கே நுழைந்தாலும் அது அவர் வீடாகிவிடுகிறது என்பது எல்லாருக்கும் அப்போது விளங்கியது.

"நீங்க வெளியவே நில்லுங்க" என்றாள் தபீதாள், அடிபட்ட முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.

மறுநாள் அட்டவணைப்படி சிறைக்கதவு திறந்த பகுதியை வாசித்தார். சம்பந்தம் வீட்டு பீரோ, கேட், ஆட்டோவின் கதவு எல்லாம் திறந்துகொண்டன. தபீதாள் நடக்க முடியாமல் அங்கேயே தரையில் தவழ்ந்தாள். அன்றோடு அட்டவணையைக் கிழித்துப் போட்டார்.

மூன்று வருடமாகச் சப்பாணி நடந்த அந்த ஒரே பகுதிதான். காய்ச்சல் என்றாலும் படுத்துக்கொண்டே வாசிப்பார். பார்க்காமலே சொல்ல வரும், இருந்தாலும் தன் ஞாபகத்தை நம்பாமல் விரலை வரியில் வைத்தே படிப்பார். தபால்காரர் தபீதாளின் பெயருக்கு வருவதை சம்பந்தம் வீட்டிலேயே கொடுக்கிறார். ரேஷன் அட்டையிலும் விலாசம் மாற்றியாகிவிட்டது. மதியம் மதிலுக்கு மேலே ஒரு கிண்ணம் வரும். அவள் கை மட்டும் தெரியும்.

"மீன் கொழம்பு. முள்ளு பாத்து சாப்புடுங்க."

"ம்" என்று வாங்கிக்கொள்வார்.